திரும்ப அழைக்கவும்

அனுப்புநர்:
சி. வெள்ளைச்சாமி,
வாழை விவசாயி,
மேலக்கண்மாய்ப்பட்டி,
குளத்தூர் தாலுகா.

பெறுநர்:
மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் அவர்கள்,
புதுக்கோட்டை,
திருச்சிராப்பள்ளி ஜில்லா.

பொருள்: எங்கள் ஊர் மஞ்சள் பஸ்ஸின் ஆரன் பொத்தானை மாற்ற உத்தரவிடக் கோருதல்.

மரியாதைக்குரிய ஐயா,

1. இந்த மனுவை நானே எழுதுகிறேன். வயது அறுபத்தெட்டு. முதியோர் பள்ளியில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இதற்கு முன் மூன்று மனுக்களில் கைநாட்டு வைத்திருக்கிறேன். ஒன்று கிணறு கேட்டு எழுதியது என்று நினைத்தேன். ஊருக்குத் தபால் பெட்டி வந்தது. அந்தப் பெட்டியில்தான் இதைப் போடப் போகிறேன்.

2. தினமும் வாழை இலைக் கட்டுடன் புதுக்கோட்டைக்குப் போய், பொழுது சாயும்போது மஞ்சள் பஸ்ஸில் திரும்புகிறவன் நான். அதில் எழுதியிருப்பதையெல்லாம் படித்து வருகிறேன். ‘கை நீட்டாதீர்’, ‘எச்சில் துப்பாதீர்’ இரண்டும் முடிந்துவிட்டன. இரண்டு மாதம் முன்பு டிரைவர் ரத்தினவேலின் தலைக்கு மேல் ஓர் அச்சுக் காகிதம் ஒட்டினார்கள். பஸ் செய்த கம்பெனி தன் ஏஜெண்டுகளுக்கு அனுப்பியது. ஏஜெண்டு அதை அப்படியே பஸ் முதலாளிக்கு அனுப்பிவிட்டார். மேலே ‘எச்சரிக்கை’, கீழே ‘திரும்ப அழைக்கவும்’ என்று கொட்டை எழுத்து. நடுவில் பொடி எழுத்தில் ஏழு வரி.

3. கண்டக்டர் முத்துராமன் வேகமாகப் படிப்பவர். கொட்டை எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, “திரும்புற எடத்துல எல்லாம் ஆரன் அடிச்சுக் கூப்பிடணுமாம்ணே, கம்பெனி உத்தரவு” என்று சொல்லிவிட்டார். அன்று முதல் ரத்தினவேல் ஒரு திருப்பத்தையும் விடுவதில்லை.

4. ஆரன் அடித்தால் முன்விளக்கு அணைகிறது. கையை எடுத்தால் எரிகிறது. “வண்டி நம்மளப் பாத்துக் கண்ணடிக்குதுடி” என்று மோர் விற்கும் செவந்தி சொன்னதற்கு பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஓடும்போது எழுத்து ஆடுவதால், பஸ் நிற்கும் இடங்களில் மட்டும், நடைக்கு ஒரு வரியாகப் பொடி எழுத்தைப் படித்து வந்தேன். நாலாவது வரியில் சிரிப்பு நின்றது.

5. அதில் உள்ளது இதுதான்: பொத்தானுக்குள் கம்பி உராய்வதால் ஆரன் அடிக்கும்போது முன்விளக்கு அணையும், அந்தப் பொத்தான் உள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கவும், கம்பெனியே இனாமாக மாற்றித் தரும். வண்டியைத் திரும்ப அழைக்கச் சொன்னார்களே தவிர, திருப்பத்தில் அழைக்கச் சொல்லவில்லை. எந்தப் பொத்தானைத் தொடக் கூடாதோ அதையே நடைக்கு நாற்பது முறை அழுத்துகிறார்கள்.

6. இதைச் சொன்னேன். “பெரியப்பா, நீங்க எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸு மெட்ராசுக்கே போயிரும்” என்றார் முத்துராமன். போனால் நல்லதுதான். கம்பெனி அங்கேதான் இருக்கிறது.

7. போன வெள்ளிக்கிழமை கண்மாய்க் கரைத் திருப்பத்தில் கையை எடுத்தும் விளக்கு வரவில்லை. பஸ் இரண்டு முழம் கண்மாய்க்குள் இறங்கி நின்றது. கண்மாய் வறண்டு கிடந்ததால் இந்த மனுவை எழுத நான் இருக்கிறேன். அடுத்த மாதம் மழை பிடித்துவிடும்.

8. வருகிற திங்கட்கிழமை புதுக்கோட்டையில் என் மகள் அமராவதிக்கு வளைகாப்பு. முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். எங்கள் ஊருக்கு வேறு பஸ் கிடையாது. அதே மாலை நடை, அதே கரை.

டிரைவர், கண்டக்டர் இருவரும் நல்லவர்கள். அவர்களைத் தண்டிக்க வேண்டாம். முத்துராமனை மெதுவாகப் படிக்கச் சொன்னால் போதும். ஐயா அவர்கள் திங்கட்கிழமைக்குள் அந்த பஸ்ஸைத் திரும்ப அழைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு நான் என் மகளை அழைத்து வருகிறேன்.

இடம்: மேலக்கண்மாய்ப்பட்டி
நாள்: 18-9-1963

தங்கள் பதிலைத் தானே படிக்கக் காத்திருக்கும்,
சி. வெள்ளைச்சாமி
(கையெழுத்து, ரேகை அல்ல)

இணைப்பு: மேற்படி அறிவிப்பின் நகல். பொடி எழுத்தையும் கொட்டை எழுத்தாகவே எழுதியிருக்கிறேன்.