மைனி, அண்ணனுக்கும் ஒரு கம்பு வாங்கினோம்

மைனி,

என் பால்கனி முழுக்க உப்புச்சேற்று வாசம். இன்று காலை பன்வேலுக்குப் போய்விட்டு மதியம்தான் செம்பூருக்குத் திரும்பினேன். தூண்டில் கம்புகள் இரண்டையும் நல்ல தண்ணீரில் கழுவி, துணிக்கொடியின் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். கார்க் பிடி நனைந்தால் வருமே ஒரு மணம், அது சேற்று வாசத்தோடு கலந்து அறைக்குள் வந்துகொண்டே இருக்கிறது. கீழ்வீட்டுக்காரி ஒருமுறை மேலே எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போனாள்.

இரண்டு கம்பு என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? ஒன்று உங்களுடையது. இன்னொன்று அண்ணனுடையது. ஆமாம், உங்கள் வீட்டுக்காரருடையதுதான். நீங்கள் எங்கே இருந்தாலும் இதைக் கேட்டு இடுப்பில் கைவைத்து நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முதலிலிருந்து சொல்கிறேன்.

முதலில் என்றால் அந்த வீடியோதான். நாலு வருடம் ஆகிறது. நான் பள்ளிக்கூட ஆபீசில் டிபன் பாக்ஸைத் திறந்த நேரம். நீங்கள் தாராவியில் பை தைக்கும் பட்டறையிலிருந்து கூப்பிட்டீர்கள். பின்னால் மெஷின் சத்தம்.

“ஏட்டி, ஒண்ணு அனுப்பிருக்கேன் பாரு. ரப்பர் மீனைப் போட்டு நெச மீனைப் பிடிக்கான். புழு இல்ல, எறா இல்ல. கையில ஒரு நாத்தமும் இல்ல.”

“யாரு மைனி பிடிக்கான்?”

“யாரோ. அவன விடு, மீனைப் பாரு. நம்ம கொடுவா! இங்கத்தக்காரங்க ஜிதாடான்னு விப்பாங்கல்லா, அதே. நாமளும் பிடிக்கணும்ட்டி.”

உங்களுக்கு அப்போது நாற்பத்தாறு வயது, எனக்கு நாற்பத்தொன்று. நான் கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். நீங்கள் மகளைக் கட்டிக்கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மீன்பிடிப்பது பற்றி இருவருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. ஆனாலும் உங்கள் குரலைக் கேட்டதும் சோற்றை அப்படியே வைத்துவிட்டு அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நீங்கள் செய்தது படிப்புதான். கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பார்த்தீர்கள். ஆளுக்கு ஒரு கம்பு வாங்க வழியில்லை. ஒரே கம்பு, அதையும் நாலாயிரத்துக்குள் வாங்க வேண்டும். தண்ணீர்மேல் மிதக்கும் பொய்மீன், முங்கி நீந்தும் பொய்மீன், ஈயத்தலை வைத்த ரப்பர் மீன், எல்லாவற்றையும் அந்த ஒன்றே வீச வேண்டும். இதற்கு எது சரி?

மஸ்ஜித் ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் இருந்த கடைக்கு ஒரு சனிக்கிழமை போனோம். கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நம்மைப் பார்த்தார். “பாய்சாப் நஹி ஆயே?” என்றார். வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்கிறார். நீங்கள் உடனே, “உன்ஸே க்யா காம்? மச்லி தோ ஹம் பகடேங்கே,” என்றீர்கள். அவருக்கு இங்கே என்ன வேலை, மீன் பிடிக்கப்போவது நாங்கள். உங்கள் இந்தியில் திருநெல்வேலி மணக்கும். ஆனாலும் அவருக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. ஸ்டூல் இரண்டை இழுத்துப் போட்டார்.

புதிதாகப் பழகுபவர்களுக்கு ரீல் அடியில் தொங்கும் ஸ்பின்னிங் கம்புதான் சுலபம் என்று எடுத்து நீட்டினார். நீங்கள் அதைத் தொடவேயில்லை. ரீல் மேலே உட்காரும் காஸ்டிங் கம்புதான் வேண்டும் என்றீர்கள். எனக்குத் திக்கென்றது. அதில் நூல் சிக்கிக்கொள்ளும் என்று எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்களே.

“பாபின் ஓடுறத இருபத்தஞ்சு வருசமா விரலால அடக்கிட்டு இருக்கேன். இந்த உருளை என்ன பெரிய உருளை?” என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, கம்புகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தீர்கள்.

அந்த ஒரு மணி நேரத்தை என்னால் மறக்கவே முடியாது. ஒரு கம்பின் நுனியை என்னைப் பிடிக்கச் சொல்லி, நீங்கள் அடியைப் பிடித்து வளைத்தீர்கள். முதல் கம்பு நுனியிலிருந்து பிடிவரைக்கும் மொத்தமாகக் குழைந்தது. “இது பெரிய மீனைத் தூக்காது.” அடுத்தது உலக்கைபோல விறைத்து நின்றது. “இதுல சின்னப் பொய்மீனை வீசினா காலடியிலயே விழும்.” மூன்றாவது கம்பு நுனியில் மட்டும் சுறுசுறுப்பாக வளைந்து, நடுவுக்கு வந்ததும் நின்று எதிர்த்தது. உங்கள் முகம் மலர்ந்தது. பிடிக்கு மேலே பொடி எழுத்தில் எழுதியிருந்ததை என்னை வாசிக்கச் சொன்னீர்கள். ஏழு அடி. பத்து கிராமிலிருந்து முப்பது கிராம் வரையுள்ள பொய்மீனை வீசலாம்.

“எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் வளையணும்ட்டி. ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் ஒழுங்கா வளையிறது காசுள்ளவங்களுக்கு. நமக்கு இதுதான்.”

அப்புறம் கைப்பையிலிருந்து ஒரு முழம் தையல் நூலை எடுத்தீர்கள். கம்பின் வளையம் ஒவ்வொன்றிலும் நூலைக் கோத்து, முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தீர்கள். எங்காவது பிசிர் இருந்தால் நூல் பற்றிக்கொள்ளும், தூண்டில் நரம்பும் அங்கேதான் அறுபடும். ஐந்தாவது வளையத்தில் நூல் பற்றியது. கடைக்காரர் உள்ளே போய் அதே வகையில் வேறொரு கம்பைக் கொண்டுவந்தார்.

அவர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். இதே கம்பு முழு நீளத்தில் ஒரே துண்டாகவும் இருக்கிறது, இணைப்பு இல்லாததால் இன்னும் உறுதி என்றார். ஏழடிக் கம்பைத் தூக்கிக்கொண்டு காலை லோக்கல் ரயிலில் லேடீஸ் டப்பாவில் ஏறினால் யார் கண்ணில் குத்தும் என்று நீங்கள் கேட்டதும் அவரே சிரித்துவிட்டார். இரண்டு துண்டாகக் கழற்றுவதையே வாங்கினோம். ரயிலில் நீங்கள் அதை மடியில் கிடத்தி, பிடியை முகர்ந்துகொண்டே வந்தீர்கள்.

அதற்கடுத்த ஏழு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்விடுவோம். ஞாயிறு விடியலில் நீங்கள் முதல் பஸ்ஸில் செம்பூர் வருவீர்கள். அங்கிருந்து பன்வேல் லோக்கல், அப்புறம் ஷேர் ஆட்டோ, கடைசியில் கண்டல் புதர்களுக்கு நடுவே ஒரு வரப்பு. உப்பளத்து மதகிலிருந்து தண்ணீர் இறங்கும் இடத்தில் நின்று, பத்து வீச்சு உங்களுக்கு, பத்து வீச்சு எனக்கு. உங்கள் விரல் இரண்டே வாரத்தில் பழகிவிட்டது. நான் வீசினால் ரீலில் குருவிக்கூடுதான். பாதி நேரம் நீங்கள் உட்கார்ந்து ஊசியால் சிக்கெடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

மீன்? ஒன்றுகூட இல்லை. வெறுங்கையோடு திரும்பும்போது தாராவியில் பைச்சாமான் விற்கும் தன் கடைவாசலில் ஜிப்புக்கட்டும் பக்கிளும் அடுக்கிக்கொண்டே அண்ணன் கேட்பார்: “என்னா, ஒரு நெத்திலியாவது உண்டா? கெளவிக ரெண்டும் பிளாஸ்டிக்கைக் குளிப்பாட்டிட்டு வருதுக. ஞாயித்துக்கிழமை பூசை நேரத்துல ஊரே பாக்குது.”

“சீசருங்க எல்லாரும் மீன்பிடிக்காரங்கதான்,” என்பீர்கள் நீங்கள். சீடர்களைத்தான் அப்படிச் சொல்கிறீர்கள் என்று புரிய அண்ணனுக்கு ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் மாடியேறிவிடுவீர்கள்.

எட்டாவது மாதம், மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு. உங்கள் ஆறாவது வீச்சு. முங்கி நீந்தும் வெள்ளிநிறப் பொய்மீன். மதகின் வாயைத் தாண்டி விழுந்தது. நீங்கள் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு நொடி நிறுத்தினீர்கள். நிறுத்திய இடத்தில் தண்ணீர் வெடித்தது.

“ஏட்டீ!”

அவ்வளவுதான் சொன்னீர்கள். கம்பு நுனியில் வளைந்து, நடுவில் நின்று, கடையில் பார்த்தது போலவே எதிர்த்தது. ரீல் கீச்சிட்டது. மீன் புதருக்குள் ஓடப் பார்த்தது. நீங்கள் கட்டைவிரலால் உருளையை அமுக்கி அதன் தலையைத் திருப்பினீர்கள். நான் வலையை எடுத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினேன். வலைக்குள் கொடுவா விழுந்தபோது நாம் போட்ட கூச்சலில் எதிர்க்கரைக் கொக்குகள் எல்லாம் பறந்தன. இரண்டரைக் கிலோ. லேடீஸ் டப்பாவில் அன்று அதைப் பார்க்காதவர்கள் இல்லை. காய்கறிக் கூடையோடு வந்த மராட்டிப் பாட்டி ஒருத்தி அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உங்கள் கன்னத்தைக் கிள்ளினாள்.

அண்ணன் அன்று மீன்தலையைத் தன் தட்டில் வாங்கி, புளிக்குழம்போடு ஒரு எலும்பு விடாமல் உறிஞ்சிவிட்டு, “உப்பு கொஞ்சம் கம்மி,” என்றார்.

அதற்குப்பின் எத்தனையோ மீன்கள். சில வாரம் இரண்டு, பல வாரம் ஒன்றுமில்லை. போன மழைக்காலத்தில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன இரண்டாம் நாள்கூட “ஞாயித்துக்கிழமைக்குத் தண்ணி எத்தன மணிக்கு எறங்குது, பாத்தியா?” என்று கேட்டீர்கள். பார்த்துச் சொன்னேன். அந்த ஞாயிறு உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்தோம்.

கம்பு என் வீட்டில்தான் இருந்தது. கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். பத்து மாதம் அதை வெளியே எடுக்கவில்லை.

போன மாதம் ஒருநாள் அண்ணன் கடையைப் பாதியில் பூட்டிவிட்டுச் செம்பூருக்கு வந்தார். டீயை ஆறவிட்டார். அப்புறம் கேட்டார்.

“ஏளா, அவ அங்கன அப்படி என்னத்தப் பாத்தா? ஒருநாளாச்சும் நான் கூட வந்திருக்கலாம்லா?”

நான் குனிந்து கட்டிலடியிலிருந்து உங்கள் கம்பை எடுத்து நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அது அவளுக்கது. நீ வச்சுக்கோ. எனக்கு வேற வாங்கணும்.”

அந்தச் சனிக்கிழமையே கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், “தீதி கஹாங் ஹை?” என்றார். அக்கா எங்கே? நான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பக்கத்தில் நிற்பவர் யாரென்று கேட்டார். உங்கள் வீட்டுக்காரர் என்றதும் ஸ்டூலைத் தானே துணியால் துடைத்துப் போட்டார்.

அண்ணனுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் வேண்டும், மைனி! தடியாக, கறுப்பாக, சிவப்புக் கோடு போட்ட கம்பு ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “இதுதான் உறுதியா இருக்கு.” நான் நுனியைப் பிடித்து வளைக்கச் சொன்னேன். வளையவில்லை. சின்னப் பொய்மீன் காலடியில்தான் விழும் என்றேன். அப்படியானால் இதுவா, அதுவா என்று எட்டுக் கம்பு இறங்கிவிட்டது. எனக்குள் ஏதோ கிளம்பிவிட்டது. நான் வளைத்தேன், எடைக்குறிப்பை வாசித்தேன், ரீலை மாட்டி விரல்மேல் நிறுத்திச் சமன் பார்த்தேன், பையிலிருந்து நூலை எடுத்து ஏழு வளையத்திலும் இழுத்தேன். பத்து மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நான் வாய்விட்டுப் பேசினேன் என்று நினைக்கிறேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் அவ சொல்லித்தந்ததா?”

“இல்ல. ரெண்டு பேரும் சேந்து படிச்சோம்.”

ஏழடி, நுனி சுறுசுறு, நடு உறுதி, இரண்டு துண்டு. உங்கள் கம்பைவிட ஐந்நூறு ரூபாய் கூட, விலைவாசி அப்படி.

இன்று காலை அவரை மதகுக்குக் கூட்டிப்போனேன். முதல் வீச்சிலேயே குருவிக்கூடு. நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் சிக்குகள் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. உட்கார்ந்து ஊசியால் எடுத்துக்கொடுத்தேன். மறுபடி வீசினார், மறுபடி சிக்கு. வெயில் ஏறியது. “நம்மால ஆகாது ஏளா, வா போவோம்,” என்றார். “இன்னும் பத்து வீச்சு,” என்றேன். நான் உங்கள் கம்பில் வீசிக்கொண்டிருந்தேன், ஒன்றும் தொடவில்லை.

அந்தப் பத்தில் அவருடைய நாலாவது வீச்சு தற்செயலாகத்தான் நன்றாக விழுந்தது. பொய்மீன் விழுந்த அதிர்ச்சியில் அவர் சுற்றவே மறந்து நின்றார். அந்த நிறுத்தமே போதுமாயிருந்தது.

தண்ணீர் பிளந்தது. முழுக் கொடுவா, வாலிலிருந்து தலைவரை வெளியே வந்து, வெயிலில் பளபளவென்று தலையை இரண்டு பக்கமும் உதறியது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்ட சத்தம்கூடக் கேட்டது. அண்ணன் வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. கம்பு வளைந்தது. நான் வலையோடு சேற்றில் குதித்தேன். மீன் இரண்டாம் முறை துள்ளியது. கொக்கி விடுபட்டு, பொய்மீன் காற்றில் பறந்து வந்து அண்ணனின் காலடியில் விழுந்தது.

நான் பயந்துகொண்டே திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் மனிதர், சேற்றில் குதித்துக் குதித்து, “பாத்தியா ஏளா! பாத்தியா! எப்படி எழும்புச்சு பாத்தியா!” என்று கத்தினார். கத்திக்கொண்டே சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, முதலில் இருந்த பெயரை அழுத்திக் காதில் வைத்துவிட்டார். அது உங்கள் பெயர்.

அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் இந்தியில் சொன்னது எனக்கும் கேட்டது. அவர் அதை முழுவதும் கேட்டார். பிறகு மராத்தியில் சொன்னதையும் கேட்டார். போனைப் பையில் போட்டுவிட்டு மதகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கிட்டே போனேன். என் நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. சாவுக்கு அழுத கண்ணாலேயே மீனைப் பார்த்து இப்படி அடித்துக்கொள்ளும் நெஞ்சை நான் உங்களிடமிருந்துதான் வாங்கிக்கொண்டேன், மைனி. அதை இறக்கிவைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

“நான் எழுதிச் சொல்லுதேன் அண்ணே,” என்றேன்.

அவர் மூக்கை உறிஞ்சினார். கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார்.

“இந்தத் தண்டி இருந்துச்சுன்னு எழுது. கொறைச்சு எழுதிராத.”

நானும் பார்த்தேனே, மைனி. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அண்ணன் காட்டியது இரண்டு முழம். நீங்கள் இரண்டு முழம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.