உன் சிநேகிதிக்குக் கண்மருந்து விடுகிறேன்

என் ஆசை அக்கா,

நீ போய் ஒரு வருடம் ஆகிறது. உன் நினைவுப் பூசைக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி பாதர் கேட்டார். எழுத உட்கார்ந்தால் உன்னைப் புகழ வாய் வரவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும்.

எனக்கு உன் சிநேகிதி புஷ்பமக்கா மேல் பொறாமை இருந்தது என்றுதான் முதலில் எழுதினேன். வெட்டிவிட்டு ‘இருக்கிறது’ என்று மாற்றியிருக்கிறேன்.

நாங்கள் மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்து சுன்னாகத்தில் இருந்த காலத்தில் நீயும் அவரும் ஒரே முன்பள்ளியில் படிப்பித்தீர்கள். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தச் சிநேகிதம் விடவில்லை. நீ போவதற்குச் சில மாதம் முன்பு அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. புருஷன் இல்லை, பிள்ளைகள் கனடாவில். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகவிட்ட அன்றே நீ ஓட்டோ பிடித்து அவரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கட்டிலில் அவரைக் கிடத்தினாய். நான் விறாந்தையில் பாய் விரித்தேன்.

அவர் சைவம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மூன்று மாதம் எங்கள் வீட்டில் மீன் மச்சம் சமைக்கவில்லை. பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் நீட்டிய விளைமீனைக்கூட நீ வாங்கவில்லை.

“உன்ரை சிநேகிதிக்காக நான் ஏன் வாயைக் கட்டவேணும்?” என்று கேட்டேன்.

“அவ கேக்கேல்லை. நானாத்தான் செய்யிறன். யேசு வந்து கிடந்தாலும் உப்பிடித்தான் முகத்தை நீட்டுவியோ?” என்றாய்.

மீன் இல்லாமல் இருந்துவிடுவேன், அக்கா. அறைக்குள் நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை. நான் உள்ளே வந்தால் அது நின்றுவிடும். என்னோடு நீ கடைசியாய் எப்போது சிரித்தாய்? அவருடைய காலை மடியில் வைத்து எண்ணெய் பூசுவாய். என் குதிக்கால் வெடித்துக் கிடந்தது உன் கண்ணில் பட்டதா?

செவ்வாய்க்கிழமை உனக்குப் பிரஷர் கிளினிக். அவருக்கு நடைப்பயிற்சியும் அதே நாள். உன் கிளினிக்கை விட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய். நான் விடியவே மீன் விற்கச் சந்தைக்குப் போகிறவள், எனக்கு எங்கே தெரியும்? அவர் தடியூன்றி நடந்து தன் வீட்டுக்குப் போன ஐந்தாம் வாரம், பூசை முடிந்து வரும்போது நீ கோயில் வாசலில் விழுந்தாய். எழும்பவே இல்லை.

செத்தவீட்டில் உன் தலைமாட்டில் அவர்தான் இருந்தார். வந்தவர்கள் முதலில் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு அவர் என் கையைப் பிடித்துச் சொன்னார்: “நெஞ்சு நோகுதெண்டு ரெண்டு மூண்டு தரம் சொன்னவ, ரெஜினா. உமக்குச் சொல்லவேண்டாமெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கிப்போட்டா.”

உன் நெஞ்சு நோவையும் அவரிடம்தான் சொன்னாயா? நான் கையை இழுத்துக்கொண்டேன். பதினொரு மாதம் அவரோடு கதைக்கவில்லை.

போன மாதம் வெங்காயம் வாங்கச் சுன்னாகம் சந்தைக்குப் போனேன். அவர் ஒரு கத்தரிக்காயை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பேசாமல் கடந்து போயிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் வாய் “புஷ்பமக்கா” என்று கூப்பிட்டுவிட்டது.

“ஆர், ரெஜினாவோ?”

கண்புரையாம். ஒப்பரேசனுக்கு இரண்டு தரம் திகதி கொடுத்தும், கூட நிற்க ஆளில்லாமல் போகவில்லையாம். “உம்மைக் கேக்க எனக்கு முகமில்லை” என்றார்.

“நான் வாறன்” என்றேன்.

என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதே. நீ கதைத்த கதையெல்லாம் அவரிடம் இருந்தது. அது எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு கண்ணுக்கு ஒப்பரேசன் முடிந்து எங்கள் வீட்டில் அதே கட்டிலில்தான் படுத்தார். நான் சந்தைக்குப் போகவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மருந்து விடவேண்டும். மூன்றாம் நாள் மத்தியானம் கேட்டேன்.

“என்னைப் பற்றி அக்கா என்ன சொன்னவ?”

“சொன்னால் உமக்கு நோகும்.”

“நோகட்டும், சொல்லுங்கோ.”

“அவவுக்கு உம்மிலை எரிச்சல் இருந்தது, ரெஜினா. உமக்குக் கலியாணம் நடந்தது, பிள்ளை பிறந்தது. அவவுக்கு ரெண்டுமில்லை. நீர் சந்தைக்குப் போக, அந்தப் பிள்ளையை வளத்தது அவ. பின்னேரம் நீர் வர, பிள்ளை அம்மா எண்டு உம்மட்டை ஓடேக்கை, அவ அடுப்படிக்குள்ளை போய் நிண்டு அழுவாவாம். பாதரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்யேக்கையும் இதைத்தான் சொல்லுறவவாம்.”

நான் மருந்துப் போத்தலை மூடிக்கொண்டு எழும்பினேன்.

அப்படியென்றால் என் பிள்ளைக்குச் சின்ன வயதில் தலை வாரியிழுத்து, பள்ளிக்கூடம் அனுப்பி, நான் வரும்வரை எனக்குச் சோற்றை மூடி வைத்திருந்ததெல்லாம் எரிந்து எரிந்துதானா? உனக்கு நல்லது செய்வது மூச்சு விடுவதுபோல என்று நினைத்திருந்தேனே. ஏன் ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்போமா, சேர்ந்து சிரித்திருப்போமா?

இதுவும் அவருக்குத்தானே தெரிந்திருந்தது என்று எனக்கு இன்னும் கொஞ்சம் கூடவே எரிந்தது. ஆனால் மருந்து விடுகிற நேரம் வந்துவிட்டது. “தலையை நிமித்துங்கோ” என்று சொல்லி இமையை விரித்துப் பிடித்தேன். துளி வெளியே சிந்தாமல் விழுந்தது.

மற்றக் கண்ணுக்கு அடுத்த மாதம் திகதி கிடைத்திருக்கிறது. நான்தான் கூட்டிப்போவேன். மனம் சுத்தமான பிறகு செய்யலாம் என்று நீ காத்திருக்கவில்லை, நானும் காத்திருக்கமாட்டேன். பொறாமையோடேயே அவரைப் பார்த்துக்கொள்வேன், அக்கா. இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ அழுதழுது வளர்த்த பிள்ளையின் தாய்,
உன் ஒரேயொரு தங்கச்சி
ரெஜினா