நைனா முதலில் சாப்பிட்ட டப்பாக்கள்

என் தங்க நைனாவுக்கு,

முதலில் நல்ல செய்தி, அப்புறம் மற்றதெல்லாம். ஆறாவது வட்டமும் போட்டாகிவிட்டது. அடுப்படிக் காலண்டரில், சிலிண்டர் வந்த தேதிக்குக் கீழே, சிவப்புப் பேனாவால். தொடர்ந்து ஆறு மாதமாக, இரண்டு நாள் முன்னே பின்னே, எனக்கு மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது.

நீ இருந்திருந்தால் இந்த வரிக்கே எழுந்து வெளியே போயிருப்பாய். அந்த வார்த்தை காதில் விழுந்தால் போதும், உனக்கு உடனே மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற வேலை வந்துவிடும். மாட்டை விற்றுப் பல வருடம் ஆன பிறகும் அதே சாக்குதான். ஆனால் மாதா மாதம் காலண்டர் முன்னால் நின்று, "சிலிண்டரு எப்ப வந்துச்சு?" என்று கேட்பாயே, நீ எதைத் தேடுகிறாய் என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியாதா என்ன?

இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். எனக்கு இருபத்திரண்டு வயதில் எட்டு மாதம் தீட்டே வரவில்லை. உடம்பு ஊதியது. தாடையில் முடி முளைத்தது. ஸ்கேன் எடுத்துவிட்டு சினைப்பையில் நீர்க்கட்டி, பிசிஓஎஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை நீ வாங்கிப் பார்த்தாய். ஒன்றும் புரியாமல் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய். அடுத்த வாரமே முதல் டப்பா வீட்டுக்கு வந்தது.

படாளத்தில் யார் வயலுக்குப் பூச்சிமருந்து அடிப்பதென்றாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். புது மருந்து என்றால் நீ உடனே வயல் முழுக்க அடித்துவிட மாட்டாய். வரப்போரமாக ஒரு வரிசைக்கு மட்டும் அடித்துவிட்டு மூன்று நாள் காத்திருப்பாய். பயிர் கருகாமல் நின்றால்தான் மீதி வயலுக்கு. என் டப்பாக்களுக்கும் அதே வழக்கத்தைக் கொண்டுவந்தாய். முதல் வரிசையில் நீயே போய் நின்றாய்.

"இரு பாப்பா, நான் ஒரு வாரம் துன்னு பாக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆவலன்னா நீ துன்னு."

பெண்பிள்ளையின் தீட்டுக்கான பவுடரை மீசை நரைத்த மனுஷன் தின்று சோதிப்பதா! அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "யோவ், உனக்கு இன்னா கர்ப்பப்பையா கீது?" நீ அசரவில்லை. அச்சரப்பாக்கத்தில் மைக் வைத்து விற்றவனிடம் வாங்கிய சூரணம், சொந்தக்காரப் பெண் தலையில் கட்டிய கேப்சூல், படூர் அப்பார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருக்கும் மாமா யாரையோ கேட்டு அனுப்பிய பழவாசனைப் பவுடர், எல்லாமே உன் வயிற்றைத் தாண்டித்தான் என்னிடம் வந்தன. ஒரு டப்பா உன்னை இரண்டு நாள் கொல்லைக்கும் வீட்டுக்குமாக ஓடவிட்டது. அதை மட்டும் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்தாய்.

இரண்டு வருடத்தில் பதினோரு டப்பா. காலண்டரில் வட்டம்தான் வரவில்லை. பன்னிரண்டாவதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, அதைப் பிரிப்பதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டாய்.

இப்போது சொல்கிறேன், உன்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. சின்ன வயதில் நீ மருந்தடித்துவிட்டு வரும்போது நான் ஓடி வந்தால், "தொடாத, தொடாத, குள்ச்சிட்டு வரேன்" என்று பம்ப்செட்டுக்கு ஓடுவாய். குளித்துவிட்டு வந்து ஈரக் கையை என் தலையில் வைப்பாய். அந்த ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து, குளித்த பிறகும் நீ கையை வைக்கவில்லை. டப்பாவைக்கூடத் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றாய். தாடி முளைத்த மகளைத் தொட அருவருப்பாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை நாள் அழுதிருக்கிறேன் தெரியுமா, நைனா?

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள். "ஊரு வயலுக்கெல்லாம் மருந்து அட்ச்ச கை இது, இந்தக் கை பட்டுத்தான் பாப்பாவுக்கு இப்டி ஆயிடுச்சுன்னு சொல்லிகினே இருந்தாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு." அப்படியானால் நீ தின்றது சோதனைக்கு மட்டும் இல்லை, தண்டனைக்கும் சேர்த்துத்தானா? இதை யாரிடம் கேட்பது?

மிச்சமிருந்த டப்பாக்களை எல்லாம் ஒரு உரச் சாக்கில் போட்டேன். அம்மாவையும் இழுத்துக்கொண்டு செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். சாக்கை மேசைமேல் கவிழ்த்ததும் அவர் மிரண்டு போனார். "இதுல உனக்கு எது ஒத்துக்கிச்சு?" என்றார்.

"எங்க நைனாவுக்கு எல்லாமே ஒத்துக்கிச்சு டாக்டர்" என்றேன்.

முதலில் சிரித்தார். முழுக் கதையையும் கேட்ட பிறகு சிரிக்கவில்லை. ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பித் திருப்பிப் படித்தார். மூன்று டப்பாவில் பேர்தான் வேறு, உள்ளே இருப்பது ஒன்றே. நாலில் என்ன இருக்கிறது என்று எங்குமே எழுதவில்லை. ஒன்று ஜிம்முக்குப் போகிற பையன்களுக்கானது. "இதான் பாப்பா சூப்பரு, ஒடம்பு கிண்ணுன்னு கீது" என்று நீ சான்றிதழ் கொடுத்தாயே, அதேதான்! அம்மா அங்கேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில். நைனா அடித்த மருந்தால்தான் எனக்கு வந்ததா என்று கேட்டேன். "இதுக்கு இது ஒண்ணுதான் காரணம்னு யாராலயும் கை நீட்ட முடியாதும்மா. உங்க அப்பா கையை நீட்டவே முடியாது. பெரும்பாலும் குடும்பத்துல வர்றதுதான்" என்று சொல்லிவிட்டு, அம்மா பக்கம் திரும்பினார். "உங்களுக்கு மாசா மாசம் ஒழுங்கா வந்துச்சா?"

அம்மா சாவகாசமாகச் சொன்னாள். "எனக்கா? வருசத்துக்கு மூணு தபா, நாலு தபா வரும். நாத்து நடற சீசன்ல வரலன்னா நல்லதுதானே, சேத்துல நிம்மதியா நிக்கலாம். அதப் போய் நோவுன்னு யாரு சொன்னா?"

நைனா, நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓவென்று அழுதேன். நீ உன் கையையே பார்த்துக்கொண்டு திரிந்த இரண்டு வருடமும் பதில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நீ வாய்விட்டுக் கேட்கவில்லை. அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. இப்படி ஒரு குடும்பம் உண்டா?

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது. அதற்கு ஒரு மாத்திரை, சர்க்கரை ஏறாமலிருக்க ஒரு மாத்திரை எழுதினார். அப்புறம் நீ பிரிக்காமல் வைத்துவிட்டுப் போன பன்னிரண்டாவது டப்பாவைத் தனியே எடுத்து வைத்தார். இனோசிட்டால் என்கிற சத்துப் பவுடர். மெடிக்கல் ஷாப்காரரிடம் அந்த ஸ்கேன் தாளைக் காட்டிக் கேட்டு வாங்கினாயாமே, அம்மா சொன்னாள். "இது சிலருக்கு உதவுது, சிலருக்கு இல்ல. உனக்கு எழுதலாம். மூணு மாசம் சாப்பிட்டுட்டு வா, மறுபடி பார்க்கலாம். ஆனா நடக்காம, சாப்பாட்டை மாத்தாம எந்த டப்பாவும் வேலை செய்யாது" என்றார்.

நீ ருசி பார்க்காத முதல் டப்பா. ஸ்பூனைப் போட எனக்குக் கை வரவில்லை. அம்மாதான், "துன்னுடி, உங்க நைனா தேடிப் புட்ச்சது" என்றாள்.

மகாபலிபுரத்தில் நான் வேலை செய்யும் ஹோட்டலில் ஷிப்ட் முடிந்ததும் கடலோரமாக வேகநடை நடக்கிறேன். மீன் காயவைக்கும் அக்காக்கள் முதலில் கேலி செய்தார்கள். இப்போது ஒரு நாள் வராவிட்டால் ஏன் என்று கேட்கிறார்கள். மூன்றாவது மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவதில் ஒரு முறை வந்து நின்றுபோனது. விடாமல் நடந்தேன். பத்து கிலோ குறைந்த பிறகுதான் காலண்டர் என் சொல்பேச்சைக் கேட்க ஆரம்பித்தது.

போன வாரம் நடந்ததைக் கேள். எங்கள் சாப்பாட்டு அறைக்குப் பளபளப்பான பையோடு ஒரு அம்மா வந்தார். நீர்க்கட்டி கரைய ஒரே பவுடர், மூன்றே மாதம், டாக்டர் மாத்திரையை எல்லாம் தூக்கிப் போடுங்கள் என்றார். துணி துவைக்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ரோஸி அப்படியே மயங்கிப் போய்க் கை நீட்டினாள். நான் எழுந்து அந்த டப்பாவை வாங்கிப் பார்த்தேன். நாலு பக்கமும் திருப்பியும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை.

"இதுல இன்னா போட்டுகீறீங்க?" என்றேன்.

"மூலிகைம்மா. நீ துன்னு பாத்தியா? துன்னு பாக்காம பேசக் கூடாது."

"நான் துன்னல. எங்க நைனா துன்னாரு. இதே மாரி பதினொரு டப்பா. அவருக்குக் கூட மாசாந்தரம் வரல!"

அறையே அதிர்ந்தது, நைனா. சாம்பார் வாளியைத் தூக்கி வந்த அண்ணன் கூடக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்த அம்மா பையை மூடிக்கொண்டு போனவர்தான். அடுத்த நாளே ரோஸியைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு போனேன். என்னைப் பார்த்ததும் டாக்டரம்மா, "சாக்கு எங்கே?" என்று கேட்டார்.

ஆகவே உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். நான் இருக்கும்வரை, என் கண்ணில் படும் எந்தப் பெண்ணும் என்னவென்று தெரியாத ஒரு டப்பாவை நம்பி வாயைத் திறக்க மாட்டாள். அவளுக்காக எந்த அப்பனும் முதல் வரிசையில் நிற்க வேண்டியிருக்காது. கூட்டிப்போக நான் இருக்கிறேன்.

இன்னொன்று. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் உன் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் தலை குனிந்து நிற்கிறேன். சாமி கும்பிடுகிறேன் என்று அம்மா நினைக்கிறாள். இல்லை. உன் கையில் எந்த மருந்தும் இல்லை, நைனா. குளிக்காமலே வா. என் தலையைத் தொடு.

இப்படிக்கு,
உன் பாப்பா, கலைச்செல்வி