கல் தெரியும் மாதங்கள்

திகன, கண்டி,
12.2.1933

என் யசோதாவுக்கு,

ஓயாவில் கற்கள் தெரியத் தொடங்கிவிட்டன. கோடை வந்துவிட்டது என்பதை இங்கே அப்படித்தான் அறிகிறோம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடும் ஆறு அது. மழைக்காலத்தில் மரங்களைப் புரட்டிக்கொண்டு போகும். இப்போது முழங்கால் அளவு. ஆகவே அக்கரைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அங்கே பள்ளிக்கூடம் கிடையாது. கல் தெரியும் மாதங்களில் மட்டும் அவர்களுக்குப் படிப்பு.

கறுப்பையாவின் மகள் பாலம்மா வாங்கில் உட்கார்ந்ததும் கேட்டாள்: "சார், போன வருசம் நீங்க 'ஆகவே'ன்னு சொல்லி நிறுத்துனீங்க. அப்புறம் என்னா சார்?" வெள்ளம் வந்த அன்று பாதியில் விட்ட பாடம். எனக்கு மறந்துவிட்டது. அவள் வைத்திருந்தாள்.

ஒரு பயம் உண்டு. கோடை மழை இங்கே பெய்யாது. ஹுன்னஸ்கிரிய மலையில் பெய்யும். இங்கே வெயில் எரிந்துகொண்டிருக்கும்போதே ஓயா பெருகிவிடும். அதனால் மலையில் மேகம் இறங்கினால், நேரம் பார்க்காமல் அக்கரைப் பிள்ளைகளை அனுப்பிவிடுகிறேன். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கணக்குப் பாடம் தொடங்கினால் போதும். "சார், மேகம் சார்!" முந்தாநாள் ஜன்னலால் எட்டிப் பார்த்தால் ஓர் எருமை நிற்கிறது. பாலம்மா சொல்கிறாள்: "கறுப்பாத்தானே சார் இருக்கு."

நான் லாபிர் நானாவின் கடைக்கு மேல் அறையில்தான் இருக்கிறேன். அவர் மனைவி றம்லத் நேரம் தவறாமல் சோறு அனுப்புகிறார். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. உன் கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

உன்,
முத்துலிங்கம்

---

கொக்குவில், யாழ்ப்பாணம்,
20.2.1933

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தில் ஓயா வருகிறது, பாலம்மா வருகிறாள், எருமை வருகிறது. நான் கடைசி வரியில் வருகிறேன். அதுவும் காலாக.

வீக்கம் இருக்கிறது. மருத்துவிச்சி சித்திரை நடுவில் என்கிறாள். போன முறையும் சித்திரை என்றுதான் சொன்னாள். பங்குனியிலேயே வந்துவிட்டது. நீங்கள் தந்தி கண்டு வந்து இறங்கியபோது முற்றத்தைக் கழுவி முடித்திருந்தார்கள்.

அந்தப் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நான் மட்டும் பார்த்தேன் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, அத்தான். இதை உங்களிடம் நேரில் சொன்னதில்லை. எழுதும்போது உங்கள் முகம் தெரியாததால் எழுத முடிகிறது.

இங்கே பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் சித்திரையில் காலியாகிறதாம். "அவன் ஓம் எண்டால் நான் நாளைக்கே போய்க் கதைக்கிறன். அந்த மலையிலை என்னத்தைக் கண்டவன்?" என்று சின்ன மாமா கேட்டார். நான் என்ன பதில் சொல்வது? எருமையை என்றா?

சிரித்துவிட்டு ஒரு முடிவு எடுங்கோ.

இப்படிக்கு,
யசோதா

---

திகன,
15.3.1933

யசோதா,

நேற்று மத்தியானத்துக்கு முன் மலை இருண்டது. பிள்ளைகள் யாரும் கத்தவில்லை. நானே கண்டேன். அக்கரைப் பிள்ளைகளை அனுப்பினேன். அவர்கள் கடைசிக் கல்லைத் தாண்டும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினால், வாசலில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்.

பாதி வாங்குகள் காலி.

"மிச்சப் பிள்ளைகள் எங்கே?"

"வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், சேர். மலையில் மழை."

அவர் வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். வெயில். பிறகு கதிரையைத் தாழ்வாரத்தில் போடச் சொல்லி, ஓயாவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். நியாயமான மனிதர். எனக்காக வெகுநேரம் காத்திருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வெள்ளம் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு கல்லும் நனையவில்லை. மேகம் வேறு பக்கம் போய்விட்டது.

அவர் எழுந்தபோது, கடைத்தெருப் பொடியன் ஹபீல் உதவிக்கு வந்தான். "எருமயக் கண்டாலும் எங்கட சேர் வீட்டுக்கு உட்டுருவாரு, சேர்!" பிள்ளைகள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

இன்று காலை பள்ளிக்கூட மனேஜர் ஆள் அனுப்பினார். இந்த மாதம் முடிய எனக்குப் பதிலாக வேறு ஆசிரியர் வருகிறார்.

லாபிர் நானா கடையை மூடிவிட்டு மேலே வந்து, கட்டிலின் ஓரத்தில் இருந்தார். "நீங்க செஞ்சது சரிதான் மாஸ்டர்," என்றார். எழுந்து கதவுவரை போனார். பிறகு, "ஆனா பேஞ்சிருக்கணும்," என்றார்.

முத்துலிங்கம்

---

கொக்குவில்,
22.3.1933

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துச் சந்தோஷப்பட்டேன். மறைத்து எழுத எனக்குத் தெரியாது. சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினேன். ஏற்றிய பிறகுதான், நீங்கள் அந்தத் தாழ்வாரத்தில் நின்றது கண்ணுக்குள் வந்தது. அழுதேன். விளக்கை அணைக்கவில்லை.

சின்ன மாமா கதைத்துவிட்டார். வருடப்பிறப்புக் கழிய இங்கே உங்களுக்கு வேலை. ஏப்ரல் ஆறாந் திகதி வியாழக்கிழமை இரவு மெயிலில் வாங்கோ. விடிய யாழ்ப்பாணம் ஸ்டேஷனுக்கு மாமா வண்டில் கட்டிக்கொண்டு வருவார். நானும் வருவேன். வரக்கூடாது என்கிறார்கள். வருவேன்.

அந்த ரெயிலில் நீங்கள் இறங்காவிட்டால், அடுத்த ரெயிலைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன். பிறகு எந்த ரெயிலையும் பார்க்க மாட்டேன். பயமுறுத்த எழுதவில்லை, அத்தான். எனக்கு இருக்கிற பலம் அவ்வளவுதான்.

யசோதா

---

திகன,
3.4.1933

யசோதா,

வருகிறேன். வியாழக்கிழமை. உன் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறேன்.

புதிய ஆசிரியர் வந்துவிட்டார். வீரசிங்கம். நம்முடைய ஊர்ப்பக்கம்தான். நல்ல ஆசிரியர், என்னைவிட நன்றாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மலையைப் பற்றி அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"மாஸ்ரர், பிறகு மணிக்கூடு எதுக்குச் சுவரிலை தொங்குது? உங்கடை மேகக் கதையாலைதானே என்னை இஞ்சை அனுப்பினவை."

இன்றைக்குப் பாலம்மா எழுந்து, "சார், மேகம்," என்றாள். உண்மையாகவே மேகம். அவளை வாங்கின் மேல் ஏறி நிற்கச் சொன்னார். மணி அடிக்கும்வரை நின்றாள். மழை பெய்யவில்லை. வெள்ளம் வரவில்லை. அவர் என்னைப் பார்த்து, ஏளனமாக அல்ல, அன்பாகவே சிரித்தார்.

போகும்போது பாலம்மா என்னிடம் சொன்னாள்: "இனிமே சொல்ல மாட்டேன் சார்."

மாலையில் ஓயாவைத் தாண்டி, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். மழை தொடங்கும் காலம், பிள்ளையை இனி அனுப்பவேண்டாம் என்று கறுப்பையாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடி என்னைப் பார்த்தார். "நீங்கதானே சார் வீடு வீடா வந்து அனுப்பு அனுப்புன்னீங்க. இப்ப அனுப்பாதேங்கிறீங்க. நான் எதைன்னு கேக்கட்டும்? அவ வேற, நான் சொன்னா நிக்கிற ஆளா?"

திரும்பி வரும்போது கற்களை ஒவ்வொன்றாக மிதித்து வந்தேன். எல்லாம் உலர்ந்திருந்தன. சூடு.

வருகிறேன்.

முத்துலிங்கம்

---

கண்டி ஸ்டேஷன்,
6.4.1933

யசோதா,

திகனவில் பஸ் ஏறும்போது நல்ல வெயில். லாபிர் நானா என் பெட்டியைத் தானே தூக்கி மேலே போட்டார். "போங்க மாஸ்டர். திரும்பிப் பாக்காமப் போங்க," என்றார்.

பாதி வழியில், குண்டசாலையில் திரும்பிப் பார்த்தேன்.

மலை இல்லை. மலை இருந்த இடம் முழுவதும் கறுப்பு. பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தேன். நீ ஸ்டேஷனில் நிற்பது கண்ணுக்குள் தெரிந்தது. மூடிக்கொண்டேன். கண்டி வரை மூடியே இருந்தேன்.

இப்போது ஸ்டேஷன் வாங்கில் இருக்கிறேன். பெட்டி காலடியில். திகனவுக்குத் திரும்பும் பஸ் இனித்தான் புறப்படும். அது போய்ச் சேர முன் பள்ளிக்கூடம் விட்டுவிடும். நான் போகும்போது ஓயாவில் நடப்பது நடந்து முடிந்திருக்கும், அல்லது அன்றைக்குப்போல ஒன்றுமே நடந்திருக்காது. இரண்டிலும் நான் செய்ய எதுவும் இல்லை. இது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. உன்னிடம் வந்தால் ஒரு காரியமாவது செய்யலாம், பக்கத்தில் நிற்கலாம். அதுவும் தெரிகிறது.

தெரிந்துகொண்டே திகனவுக்குப் போகிறேன்.

நம் பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லை. நீ எழுதிய நாளிலிருந்து, கண்ணை மூடினால் பார்க்காத அந்த முகம்தான் வருகிறது. வேறு வேறு முகமாக வருகிறது. இன்று இந்த ரெயிலில் ஏறினால் அந்த முகத்தோடு பாலம்மாவின் முகமும் சேரும். அவற்றோடு உன் முன்னால் வந்து இறங்கி, உன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்குத் தெரியவில்லை. இது நியாயம் அல்ல. நீ மன்னிக்கவேண்டும் என்று கேட்கவும் இல்லை. அங்கேயும் நான் பிந்தினேன். இங்கேயும் பிந்திவிட்டேன்.

பக்கத்தில் கொக்குவில்காரர் ஒருவர் இருக்கிறார். அஞ்சல் கந்தோரில் வேலை. வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போகிறார். பெட்டியையும் இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். விடிய என் பெட்டி இறங்கும். அதைக் கண்டதும் உனக்கு விளங்கிவிடும்.

பெட்டிக்குள், மேலேயே, ஒரு சின்னச் சட்டை இருக்கிறது. றம்லத் தைத்தது. பிள்ளைக்கு.

அடுத்த ரெயிலைப் பார்க்க மாட்டேன் என்று எழுதினாய். பார்க்காதே. மாமாவோடு வீட்டுக்குப் போ.

நெடுநேரம் நிற்காதே. கால் வீங்கும்.

முத்துலிங்கம்