மூச்சடைத்த குடம் பற்றி ஆழித்துறை மன்னர்க்கு

திரு வளர்க. கொடி தழைக்க. கொடுத்த சொல் இறுதிவரை நிற்க.

மூன்று மலையும் ஏழு சுனையும் உடைய கொடிமலை நாட்டுக்கு அரசி, வாளுக்கு முன்னே வாக்கைக் காப்பவள், நங்கைமாதேவி எழுதுவிக்கும் ஓலை. பதினெட்டுத் துறைகளுக்கு உடையவரும், ஒரு கொற்றக்குடை போதாதென்று மூன்று குடை பிடிக்கச் செய்பவரும், பிறர் சொல்லைச் செவியேற்காத பெருமை படைத்தவருமான ஆழித்துறை மன்னர் உலகடங்கராயர் காண்க. உமது நாட்டு மக்களுக்கும் மாடு கன்றுகளுக்கும் படகுகளுக்கும் நலம் உண்டாகுக. உமக்கும் உண்டாகுக என்று எழுத எழுத்தாணி இசையவில்லை. வழக்கம் கருதி எழுதியதாகக் கொள்க.

வருகிற பௌர்ணமியன்று எம் நாட்டுப் பெண் சேந்தியைக் கழுவேற்றப் போவதாக நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. அவள் குடத்துக்குள் பேயை ஏவி உமது அரச முத்திரையை உடைத்தாள் என்றும், தெறித்த அரக்குச் சில்லு உமது இடப்புருவத்தைக் கிழித்தது என்றும், முத்திரையை உடைப்பவர் உயிர் இழப்பார் என்பது ஆழித்துறையின் சட்டம் என்றும் அதில் கண்டோம். முதன்முறை படித்தபோது சினம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது அவையே சிரித்துவிட்டது. சிரிப்பு அடங்கிய பிறகும் எம் சினம் அடங்கவில்லை.

நடந்ததை நீர் மறந்திருக்கலாம், யாம் மறக்கவில்லை. சென்ற மாசியில் எம் விருந்து மாளிகையில் மூன்று கிண்ணம் திராட்சைத் தேறல் பருகி, நான்காவதையும் கேட்டு வாங்கி, இதைச் செய்யத் தெரிந்த ஒருவரை ஆழித்துறைக்கு அனுப்புக என்று நீரே வேண்டினீர். எம் நாட்டில் தேறல் செய்யவென்று பெரிய கூடம் ஏதும் இல்லை. வீட்டுக்கு ஒரு குடம், ஆண்டுக்கு ஒரு முறை, அவ்வளவே. பாலுக்கு உறைமோர் எப்படியோ அப்படிப் பழச்சாற்றுக்கு நுரைவித்து. முந்தைய ஆண்டுக் குடத்தின் அடியில் தங்கிய வண்டலை நிழலில் உலர்த்தி, மூங்கில் குழாயில் அடைத்து வைப்பார்கள். பார்வைக்கு அது வெறும் மண்பொடி, ஆயினும் உயிருள்ளது. இனிப்பை உண்ணும், மூச்சு விடும், சூடு மிஞ்சினால் சாகும். அத்தகைய குழாய்களில் சிறந்த ஒன்றையும், அதைக் கையாளத் தெரிந்த சேந்தியையும் உம்மை நம்பி அனுப்பினோம். அவள் எம் செவிலியின் மகள். எமக்கு உடன்பிறவாத அக்காள். அனுப்பியதை எண்ணி இன்று எம்மையே நொந்துகொள்கிறோம்.

அங்கே அவள் மூன்று குடத்துக்குச் சாறு பிழிந்தாள். இளஞ்சூட்டு நீரில் தேன் கரைத்து, குடத்துக்கு ஒரு சிட்டிகை நுரைவித்து இட்டு, அது விழித்து நுரைத்த பின்பே சாற்றில் ஊற்ற வேண்டும் என்றாள். குடத்தில் கால்பங்கு வெற்றிடம் விட்டு, வாயைத் துணியால் மட்டும் கட்ட வேண்டும் என்றாள். உமது மதுவதிகாரி கோளரியாரோ, அரசர்க்குரிய பண்டத்தில் சிட்டிகை பார்ப்பது இரப்பவர் வழக்கம் என்று கூறி, ஓர் ஊருக்கே போதுமான நுரைவித்தை அந்த மூன்று குடங்களிலும் கவிழ்த்தார். சாற்றை விளிம்புவரை நிரப்பினார். ஊறுகாய்ச் சாடிக்கும் முத்திரையிடும் அரண்மனை அல்லவா உமது? மூன்றின் வாயையும் களிமண்ணால் அடைத்து, அரக்கு உருக்கி, நங்கூர முத்திரையை அழுத்தினார். மூச்சுவிட ஓர் ஊசித் துளையாவது இடுமாறு சேந்தி மும்முறை வேண்டினாள் என்றும், முத்திரையில் துளையிடுவது அரசர் முகத்தில் துளையிடுவதற்கு ஒப்பு என்று அவர் மறுத்தார் என்றும், அங்கிருந்து தப்பி வந்த அவள் பணிப்பெண் பூதி எம் முன் சத்தியம் செய்தாள்.

ஒரு குடத்தை நீர் கண்டு மகிழ்வதற்காக விருந்துக் கூடத்தின் அடுப்பருகே வைத்தார்கள். வெப்பத்தில் நுரைவித்து மும்முரமாக வேலை செய்தது. நான்காம் நாள், நீர் குனிந்து மணம் பார்த்த வேளையில், குடம் வெடித்தது. அது பேயன்று, அடைபட்ட மூச்சு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அளவறியாத அதிகாரியை ஒரு சொல் கேட்கத் துணிவின்றி, அளவு சொன்னவளுக்கு விலங்கு பூட்டினீர். இதை வீரம் என்று உமது புலவர்கள் பாடினாலும் பாடுவார்கள்.

பூதி இன்னொன்றும் சொன்னாள். எஞ்சிய இரு குடங்களும் உமது பள்ளியறைக்கு நேர்கீழே, நிலவறையில் இருக்கின்றன. அங்கே குளிர் ஆதலால் வேலை மெல்ல நடக்கிறது, நடக்காமல் இல்லை. இவ்வோலை உம் கை சேரும் நாளில் அவை அடைபட்டு இருபது நாள் ஆகியிருக்கும். எது முந்தி வெடிக்கும், எப்போது வெடிக்கும் என்று யாம் அறியோம்.

அவற்றை எவர் திறப்பார்? உமது சட்டப்படி முத்திரையை உடைக்கும் உரிமை உமக்கு மட்டுமே. ஆகவே நீரே விளக்கேந்தி இறங்கி, அந்த வாயருகே முகத்தை வைத்து, உமது கையால் அரக்கைப் பெயர்க்கலாம். இன்னும் ஒரு புருவம் மிச்சம் இருக்கிறது. அன்றி வேறொருவரை உடைக்கப் பணிப்பீராயின், முத்திரையை உடைத்தும் ஒருவர் உயிரோடு இருக்கலாம் என்று உமது வாயாலேயே ஒப்புக்கொண்டவர் ஆவீர். அந்த நொடியே சேந்தி குற்றமற்றவள்.

எனவே எம் கட்டளை இது. சேந்தியின் விலங்கை அகற்றுக. அவை நடுவே அவளிடம் பிழை பொறுக்க வேண்டுக. ஈரத்துணி போர்த்தி, நீண்ட ஊசியை அரக்கில் செலுத்தி, மூச்சைச் சிறிது சிறிதாக விடுவிக்க அவள் அறிவாள். பகைவர் வீடென்றும் பாராமல் செய்வாள். பிறகு பல்லக்கில் ஏற்றி அனுப்புக. பௌர்ணமி நிலவு உதிக்கும்போது அவள் எம் எல்லைக்குள் இல்லையேல், எண்ணாயிரம் வில்லோடு யாம் புறப்படுவோம்.

இது நங்கைமாதேவி கைச்சாத்து. இவ்வோலைக்கு அரக்கும் இல்லை, முத்திரையும் இல்லை. துணி சுற்றி நூலால் கட்டியிருக்கிறோம். உமது நாட்டில் எவரும் இதை அஞ்சாமல் பிரிக்கலாம். இந்தத் துணி சேந்தி தன் வீட்டுக் குடத்தின் வாய்க்குக் கட்டுவது. அவள் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்புக.