தூளிகள் தொங்கும் வீட்டைப் பிள்ளைகளுக்கே விட்டுவைக்கக் கோரும் மனு

அனுப்புபவர்:
மு. விஸ்வலிங்கம்,
தோட்ட ஆஸ்பத்திரி டிரசர்,
புக்கிட் செலாசே ரப்பர்த் தோட்டம்,
லகாட் வழி, பேராக்.

பெறுபவர்:
தொழிலாளர் இலாகா துணைக் கண்ட்ரோலர் துரையவர்கள்,
ஈப்போ.

விஷயம்: எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் வீட்டைச் சின்னத் துரையவர்களின் பங்களாவாக மாற்றும் உத்தரவை நிறுத்தக் கோருதல்.

கனம் பொருந்திய ஐயா,

1. தங்கள் காரியாலயத்துக்கு ஆங்கிலத்தில் எழுதுவதே என் வழக்கம். இம்முறை தமிழில் எழுதுகிறேன். எங்கள் தோட்டத்துத் தாய்மாருக்கு இதை வாசித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகே தபாலில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். தாங்கள் தமிழ்ப் பரீட்சை தேறியவர்கள் என்பதால் இந்தத் துணிவு.

2. ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகை எங்கள் தோட்டத்திலும் உண்டு. முன்பு அது தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் கடைசியில், தகரக் கூரையும் சிமெண்டுத் தரையுமாக இருந்தது. வெயில் ஏறினால் உள்ளே நிற்க முடியாது. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஒன்று அழுதால் எல்லாம் அழும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இருளாயி ஒருநாள் என்னிடம் வந்து, "டிரசரய்யா, இந்தக் கொட்டாயில முட்டைய வச்சாலே வெந்துரும். பச்சப் புள்ளைங்கள எப்படிங்க வைக்கிறது?" என்று கேட்டாள்.

3. தாய்மார் பிள்ளைகளைக் கொட்டகையில் விடுவதை நிறுத்திவிட்டு, ரப்பர் மரங்களுக்கிடையே சேலையில் தூளி கட்டிப் போட்டுவிட்டுப் பால் வெட்டினார்கள். பாப்பா என்ற பெண்ணின் மகனைச் செவ்வெறும்புகள் மொய்த்துவிட்டன. முகம் வீங்கிக் கண் திறக்காமல் அந்தப் பிள்ளையை என்னிடம் தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டான். அன்று மாலையே தோட்ட மானேஜரான பெரிய துரையவர்களைக் கண்டு புதுக் கொட்டகை வேண்டும் என்றேன். தோட்டத்து மரத்திலேயே முடித்துக்கொள்வதானால் கட்டிக்கொள் என்று அனுமதி தந்தார். அந்த நன்றியை நான் மறக்கவில்லை.

4. வீட்டின் அமைப்பைச் சற்று விரித்துச் சொல்லப் பொறுத்தருள வேண்டும். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்று என் மனைவி சொல்லுவாள். நான் கோலா கங்சாரில் வேலை பார்த்த காலத்தில் ஆற்றங்கரை மலாய் வீடுகளுக்கு நோயாளிகளைப் பார்க்கப் போவதுண்டு. மரக்கால்கள் மேல் நிற்கும் அவ்வீடுகளுக்கு அடியிலும் காற்று ஓடும். பலகை இடுக்கு வழியே அது மேலேயும் வரும். யாழ்ப்பாணத்தில் நான் பிறந்த நாற்சார் வீட்டிலோ நடுவில் வானம் பார்த்த முற்றம் உண்டு. வீட்டுச் சூடெல்லாம் அதன் வழியே ஏறிப் போய்விடும். இரண்டையும் ஒரே வீட்டில் சேர்த்தால் என்ன என்று எண்ணிப் படம் வரைந்தேன்.

5. பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்துத் தச்சர் இட்ரிஸ் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மழை வராம இருக்கத்தானே கூரை போடுறோம்? நடுவுல ஓட்டை விட்டா ஊர்ல என்னைப் பார்த்துச் சிரிப்பாங்களே!" என்று மலாயில் சொல்லி அவரே சிரித்தார். பிறகு, முற்றத்து மழை நேராகக் கீழே இறங்கிக் கூழாங்கல் பரப்பில் விழுந்து, வீட்டுக்கு அடியில் சிமெண்டு வாய்க்கால் வழியே ஓடிவிட ஏற்பாடு செய்யலாம் என்று நாங்கள் இருவரும் பேசி முடிவுக்கு வந்தோம். சுவரின் மேற்பகுதியில் காற்றுக்காக அவர் செதுக்கிய பூவேலை என் படத்தில் இல்லாதது. இருளாயி கேட்டது ஒன்றுதான்: ஓரிடத்தில் உட்கார்ந்தபடியே எல்லாத் தூளியும் அவள் கண்ணில் பட வேண்டும். அப்படியே உத்தரங்களை அமைத்தோம்.

6. வீடு முடிந்த நாள் முதல் அழுகை அடங்கிவிட்டது என்று சொன்னால் மிகையாகும். பிள்ளைகள் அழத்தான் செய்வார்கள். ஆனால் நடுப்பகலில் எல்லாத் தூளிகளும் ஒன்றாக அசைய, உள்ளே பிள்ளைகள் வாய் திறந்து தூங்குவதை நான் மருந்துப் பெட்டியோடு வாசலில் நின்று பல நாள் பார்த்திருக்கிறேன். மழை வந்தால் தவழும் பிள்ளைகள் முற்றத்துக் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் விழுவதைப் பார்த்துக் கூச்சலிடுவார்கள். பாப்பாவின் மகன் முதன்முதலாக எழுந்து நின்றது அந்தக் கம்பியைப் பிடித்துத்தான். பால் கொடுக்க வரும் தாய்மாரைத் திரும்ப வேலைக்கு அனுப்புவதுதான் இப்போது வேலையை மேற்பார்க்கும் தண்டலுக்குப் பெரும்பாடு.

7. கடந்த ஏப்ரல் மாதம் சின்னத் துரையவர்கள் ஆள் கணக்குப் பார்க்க அங்கே வந்தார். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர், வெயில் கடுமை. படியில் உட்கார்ந்தவர் சற்றுப் பொறுத்துத் தரையில் சாய்ந்தார், சாய்ந்தவர் தூங்கிவிட்டார். இருளாயி ஒரு தூளித் துணியை மடித்து அவர் தலைக்கு அடியில் வைத்திருக்கிறாள். பால் கொடுக்க வந்த பெண்கள் துரையைக் கண்டு மிரண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். "சத்தம் போடாம வாங்கடி. இதுவும் ஒரு தாய் பெத்த புள்ளதானே" என்று சொல்லி இருளாயி அவர்களை உள்ளே கூப்பிட்டாளாம். அவருக்கும் அங்கே எண்ணெய் காணாத சில பிள்ளைகளுக்கும் தலைமயிர் ஒன்றுபோலச் செம்பட்டையாக இருந்ததென்று இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள்.

8. அந்தத் தூக்கத்திலிருந்துதான் எங்கள் துன்பம் தொடங்கியது. சின்னத் துரையவர்களுக்கு மணமகள் சீமையிலிருந்து கப்பலில் வருகிறார். அவர்களுக்கு ஒரு பங்களா வேண்டும். சென்ற வாரம் ஆபீசில் உத்தரவு ஒட்டப்பட்டது: பிள்ளைகள் வீடு இனிச் சின்னத் துரையவர்களின் பங்களா, முற்றத்துக்குக் கூரை போட்டு மூடப்படும், பிள்ளைகள் பழைய தகரக் கொட்டகைக்குத் திரும்ப வேண்டும்.

9. நான் பெரிய துரையவர்களைக் கண்டு பேசினேன். அவர் பொல்லாதவர் அல்லர். பிள்ளைகள் எங்கும் தூங்குவார்கள், குளிர் நாட்டிலிருந்து வரும் ஒரு பெண் இந்தச் சூட்டைத் தாங்கமாட்டாள் என்றார். அவர் சொன்னதன் பின்பாதி உண்மையே. முன்பாதிக்கு நான் செவ்வெறும்புக் கதையைச் சொன்னேன். பங்களா தயார் என்று கம்பெனிக்கு எழுதியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று எழுந்துவிட்டார்.

10. உத்தரவைப் பெண்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய வேலையும் என் தலையில் விழுந்தது. யாரும் கூச்சல் போடவில்லை. பாப்பா மட்டும், "அப்ப நான் மறுபடியும் மரத்துலதாங்க தொங்கவிடணும்" என்று சொல்லிவிட்டு மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

11. மறுநாள் மாலை சின்னத் துரையவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கொயினா மருந்துக்கு என்று நினைத்தேன். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே, தோட்டத்தில் கற்ற தமிழில், "டிரசர், நான் இந்த மாதிரி வீடு கேட்டான். இந்த வீடு கேக்கலே. பெரிய துரைக்கு ரெண்டு தடவை சொன்னான், கேக்க மாட்டேங்கிறார்" என்றார். பிள்ளைகளை வெளியே அனுப்பிய வீட்டில் தம் மனைவியை எப்படிக் குடிவைப்பது என்று கேட்டார். தமக்காகவும் இந்த மனுவில் எழுதும்படி சொன்னவர் அவரே.

12. ஆகவே தங்களிடம் கோருவது இது. இந்த வீட்டைப் பிள்ளைகளுக்கே விட்டுவைக்கும்படி தாங்கள் பெரிய துரையவர்களுக்கு எழுத வேண்டும். தங்கள் சொல் வந்தால் கம்பெனிக்குப் பதில் சொல்ல அவருக்கும் ஒரு வழி கிடைக்கும். சின்னத் துரையவர்களுக்கு ஓடைக்கரை மேட்டில் இதே முறையில் வேறு வீடு கட்டித் தர நாங்கள் தயார். படம் வரைந்துவிட்டேன், இட்ரிஸ் ஒப்புக்கொண்டார், ஞாயிற்றுக்கிழமைகளில் கைகொடுப்பதாக லயத்து ஆண்கள் சொல்லிவிட்டார்கள். முற்றம் சற்றுப் பெரிதாக இருக்கட்டும், அம்மாள் அங்கே பூச்செடி வைப்பார் என்று சின்னத் துரையவர்கள் கேட்டிருக்கிறார். அதையும் படத்தில் சேர்த்திருக்கிறேன். அதுவரை தம்பதிகள் என் குவார்ட்டர்சில் தங்கலாம். நானும் என் மனைவியும் ஆஸ்பத்திரிப் பின்னறையில் இருந்துகொள்வோம்.

13. இதில் கையெழுத்திட்டதற்காகச் சின்னத் துரையான அந்த இளைஞருக்கு வேலையில் எந்தக் குறையும் வராதபடி தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தாய்மார் தனியாகக் கேட்டுக்கொள்கிறார்கள். இது நான் எழுதாமல் விட்டிருந்து, வாசித்துக் காட்டியபோது இருளாயி சொல்லிச் சேர்த்தது.

14. கப்பல் இம்மாதக் கடைசியில் பினாங்குக்கு வந்துவிடும். முன்பின் தெரியாத நாட்டுக்கு நம்பி வருகிற அந்தப் பெண், எந்தப் பிள்ளையையும் தூளியிலிருந்து எழுப்பிவிட்டு அந்த இடத்தில் குடியேறியவள் என்று பெயர் எடுக்காமல் இருக்க, தயவுகூர்ந்து அதற்குள் ஒரு சொல் எழுதியருள வேண்டுகிறேன்.

இடம்: புக்கிட் செலாசே தோட்டம்
தேதி: 6 ஆகஸ்டு 1928

தங்கள் பணிவுள்ள,
மு. விஸ்வலிங்கம்

இருளாயி (கைநாட்டு)
பாப்பா, மற்றுமுள்ள தாய்மார் (கைநாட்டுகள் பின்புறம்)
தச்சர் இட்ரிஸ் (ஜாவி எழுத்தில்)
ஹார்வூட், சின்னத் துரை (தமிழில், தம் கைப்பட)