அலுமாரியில் இல்லாத கடிதங்கள்

மிட்சம், லண்டன்
கார்த்திகை 14

அன்பு மகன் றஜீவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எங்கள் இருவருக்கும் ஒரு குறையுமில்லை, கனடாவில் அந்த வின்னிப்பெக் குளிருக்குள் நீ சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் அம்மாளாச்சியைக் கேட்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் நோ, ஆனாலும் ட்ராமில் ஆராவது எழும்பி இடம் கொடுத்தால் இருக்கமாட்டார், இன்னும் இளந்தாரி என்ற நினைப்பு. நீ அனுப்பிய புத்தகம் வந்து மூன்று கிழமை. என் இங்கிலீஷ் டொக்டரிடம் கதைக்கத்தான் காணும், அதனால் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளை பெர்னடெற் பின்னேரங்களில் வந்து வாசித்துத் தமிழில் சொன்னாள். உன்னோடு படிப்பிக்கிற அந்தப் பூர்வகுடிப் பெண் இனி வரப்போகிற காலத்துக் கதை என்று எழுதியிருந்தாலும், அது அவளுடைய சனத்துக்கு முன்னமே நடந்தது என்று நீ சொல்லியிருந்தாய். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய் விடுதிப் பள்ளிக்கூடத்தில் அடைத்து, தலைமயிரை வெட்டி, தங்கள் பாஷை பேசினால் அடிக்கிற இடத்தில் பெர்னடெற் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிவிட்டாள். அந்தச் சின்னப் பெட்டை தப்பி, தன் பாஷையிலேயே பெயர் சொல்லிக்கொண்டு தன் ஆட்களிடம் போய்ச் சேர்ந்தபோது நான் கைதட்டினேன்.

தாய்மாரின் கடிதங்களைத் தலைமையாசிரியை அலுமாரியில் பூட்டிவைத்திருந்த பக்கத்தில் நீ ஒரு கடதாசித் துண்டு வைத்திருந்தாய். எங்கடை வார்டனும் உங்கடை கடிதங்களை இப்பிடித்தான் பூட்டி வைச்சிருப்பார் அம்மா, எனக்கு உங்களிலை கோபமில்லை என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு நான் அடுப்பு மூட்டவில்லை. தம்பி, சண்டைக்குள் நீ உயிரோடாவது இருக்கவேண்டும் என்றுதான் ஒன்பது வயதில் உன்னைக் கொழும்பு விடுதியில் விட்டுவிட்டு நாங்கள் இங்கே வந்தோம். ஆறு மாதம் எழுதினேன். பிறகு வார்டன், கடிதம் வந்தால் பிள்ளை இரண்டு நாள் சாப்பிடுகிறானில்லை, கொஞ்சக் காலம் எழுதாமல் விடுங்கோ, பழகிவிடுவான் என்று எழுதினார். அப்பா எழுது எழுது என்றுதான் சொன்னார். நீ சாப்பிட்டால் போதும் என்று நான்தான் நிறுத்தினேன். ஒரு வருடம் போனபிறகு என்னத்தை எழுதுவது என்று வெட்கம். இப்படியே விசா கிடைத்து நீ வருமட்டும் நாலு வருடம். அலுமாரியும் இல்லை, பூட்டும் இல்லை மகன். அந்த ஆறு மாதத்துக்குப் பிறகு நான் எழுதவேயில்லை. அந்தத் தாய்மாரிடமிருந்து பிள்ளைகளைப் பறித்தார்கள், எழுதவிடாமல் என் கையை ஒருவரும் பிடிக்கவில்லை. அவர்களோடு என்னையும் சேர்க்காதே, எனக்கு அந்த இடம் உரியதில்லை. இவ்வளவு காலமும் நீ என்னை மன்னித்தது நடக்காத ஒன்றுக்கு. நடந்ததற்கு மன்னிப்பாயோ தெரியாது.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. அம்மாளாச்சி உன்னைக் காக்கட்டும். ஏசி எழுதினாலும் சரி, எழுது. நான் இருந்ததுபோல எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அம்மா,
பாலாம்பிகை